ஒரு மடல், ஈராயிரம் வாசல்கள்: மின்னஞ்சல் பட்டியலில் தாமதம் எங்கே பிறக்கிறது?

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களின் மின்னஞ்சல் பட்டியலைச் சில வருடங்களாக நான் கவனித்து வருகிறேன். தமிழ் படித்தவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பாடசாலையில் மறுக்கத் தெரியாதவர் தலையில்தான் எல்லாம் வந்து விழும். பட்டியலில் போகும் மடல்களில் பெரும்பாலானவைக்கு அவசரம் இல்லை. ஜனாஸா அறிவித்தல் அப்படியல்ல. லுஹருக்குப் பின் நல்லடக்கம் என்ற செய்தி அஸர் நேரத்தில் வந்து சேர்ந்தால் யாருக்கு என்ன பயன்?

"சேர், பெரிய சேர்வர் ஒண்டு எடுப்போமே" என்றார் ஒரு பழைய மாணவர். காசு செலவழிக்க முன் தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்ப்போம் தம்பி என்றேன். அப்படிப் பார்த்ததில் விளங்கியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வேலையா, காத்திருப்பா?

1982இல் ஜோன் பொஸ்டெல் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையின் அடிப்படையில்தான் இன்றும் மின்னஞ்சல் போகிறது. முகவரியின் ஆள்களப் பெயருக்குரிய அஞ்சல் சேர்வர் எது என்று நமது சேர்வர் முதலில் டி.என்.எஸ்.ஸிடம் விசாரிக்கும். பிறகு அந்தக் கதவைத் தட்டி ஸலாம் சொல்லும். இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு, இதோ மடல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் வந்த பின்தான் அடுத்தது. ஆக, நேரத்தின் பெரும்பகுதி வேலையில் அல்ல, மறுபக்கத்துப் பதிலுக்காகக் காத்திருப்பதில்தான் போகிறது. கணினி சும்மாதான் இருக்கும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2000 முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் 3 செக்கன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் 6000 செக்கன், அதாவது 1 மணி 40 நிமிடம். ஒரே நேரத்தில் 20 கதவுகளைத் தட்டினால் 5 நிமிடம். இயந்திரம் அதேதான், மாறியது ஒழுங்கு மட்டுமே. டானியல் பேர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயிலில் வெளியூர் மடல்களுக்கு இந்த 20 தான் இயல்பான எண்ணிக்கை. வீட்ஸ வெனெமா எழுதி 1998இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸும் இப்படிப் பல தொடர்புகளைச் சமகாலத்தில் வைத்திருக்கும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் 20க்கு மேல் போகாது.

"அப்படியென்றால் 500 ஆக்கிவிடலாமே" என்று தோன்றும். ஒரே வீட்டுக் கதவை 500 பேர் தட்டினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பூட்டிவிடுவார். பெரிய அஞ்சல் நிறுவனங்களும் அதையே செய்கின்றன. "பிறகு வா" என்ற பதில் வரும், மடல் வரிசையில் கிடக்கும். மொத்த எண்ணிக்கையைக் கூட்டலாம். ஒரே இடத்துக்கான எண்ணிக்கையை அளவோடு வைக்க வேண்டும்.

ஒரே தெருவுக்குரிய மடல்கள்

ஒரே ஆள்களப் பெயரில் 200 பேர் இருந்தால் 200 தடவை போகத் தேவையில்லை. ஒரே மடலைக் கொடுத்து, இத்தனை பேருக்கு என்று பெயர்களை வாசித்துவிடலாம். ஒரு மடலுக்குக் குறைந்தது 100 பெறுநர்களையாவது ஏற்க வேண்டும் என்பது நெறிமுறை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 50, 50 ஆகப் பிரித்துக் கொடுக்கும்.

இதில் ஒரு இழப்பும் உண்டு. மடல் திரும்பி வந்தால் எந்த முகவரி செத்தது என்று சில வேளை தெரியாது. அதற்காகப் பேர்ன்ஸ்டைன் வேர்ப் என்ற முறையைக் கொண்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திரும்பு முகவரி இடுவது அது. செத்த முகவரி துல்லியமாகத் தெரியும், ஆனால் கட்டாக அனுப்பும் இலாபம் போய்விடும். மெயில்மேன் மென்பொருளில் நடுவழி ஒன்று இருக்கிறது: இத்தனை மடலுக்கு ஒரு தடவை மட்டும் வேர்ப் முறையில் அனுப்பு என்று சொல்லிவைக்கலாம்.

இரண்டு சிறு வேலைகளும் உண்டு. டி.என்.எஸ். விடைகளை நினைவில் வைத்திருக்கும் மென்பொருளைச் சேர்வரிலேயே நிறுவினால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப வெளியே கேட்க வேண்டியதில்லை. மடல் வரிசையை எஸ்.எஸ்.டி. தட்டில் வைத்தால் எழுதும் நேரம் குறையும். வேகத்துக்காக வரிசையை அழியும் நினைவகத்தில் வைக்கச் சிலர் சொல்வார்கள். நான் உடன்படமாட்டேன். 250 என்ற பதிலைச் சொல்லி ஒரு மடலை ஏற்ற சேர்வர், அதைச் சேர்ப்பிக்க வேண்டும், இல்லையேல் சேரவில்லை என்று அறிவிக்க வேண்டும். அது அமானிதம். மின்சாரம் போன காரணத்தால் தொலைந்தது என்று சொல்ல முடியாது.

இல்லாதவர்களுக்காகக் காத்திருப்பது

ஆகப் பெரிய தாமதம் பெரும்பாலும் பழைய முகவரிகளிலிருந்தே வருகிறது. பதிலே தராத சேர்வருக்காக போஸ்ட்ஃபிக்ஸ் 30 செக்கன் காத்திருக்கும். அப்படி 100 முகவரிகள் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது அது மட்டும் 50 நிமிடம். அதோடு முடியாது, 5 நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். நேற்றைய மடல்களின் மிச்சம் இன்றைய மடலின் வழியில் நிற்கும். இப்படி இழுபடும் மடல்களை இன்னொரு சேர்வரிடம் ஒப்படைக்கும் வசதி உண்டு. ஆனால் உண்மையான மருந்து பட்டியலைச் சுத்தம் செய்வதுதான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். திரும்பி வரும் பதில்கள் இரண்டு வகை. 4இல் தொடங்குவது "இப்போது முடியாது" என்பது. 5இல் தொடங்குவது "முடியாது" என்பது. அப்படி ஒருவர் இல்லை என்பதும் இதில் அடங்கும். அஞ்சற்பெட்டி நிரம்பியவரையும் முகவரியே இல்லாதவரையும் ஒரே கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. வேகத்துக்காகப் பெயர் நீக்கப்பட்டவருக்கு நீக்கப்பட்டதே தெரியாது. ஜனாஸாச் செய்தி அவருக்குத் தாமதமாக அல்ல, வராமலே போகும். 5 தொடர்ந்து வந்தால் மட்டும் நிறுத்தி, வகுப்புத் தோழர் ஒருவரிடம் புதிய முகவரியை விசாரிப்பதே எங்கள் வழக்கம்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் சேர்வரின் பதிவேட்டைத் திறந்து எந்த மடல் எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். பிறகு பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சமகாலத் தொடர்புகளையும் கட்டாக அனுப்புவதையும் சீர்செய்யுங்கள். ஜீமெயில், யாஹூ போன்றவை 2024 பெப்ரவரி முதல் இறுக்கிய எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். அடையாளங்கள் சரியா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மடல் விரைவாகப் போய் வாசலில் நிராகரிக்கப்படும். இத்தனைக்கும் பிறகு தாமதம் இருந்தால்தான் புதிய சேர்வர் பற்றிய பேச்சு. எங்களுக்கு இதுவரை அது தேவைப்படவில்லை.