இரண்டு இட்லியில் ஐந்து கிலோமீட்டர்

காலை எட்டரை மணி. சாப்பாட்டு டப்பாவைக் கேரியரில் வைத்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு சைக்கிளில் ஏறுகிறீர்கள். வேலைக்குப் போக ஐந்து கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் இருபது நிமிடம். இதற்கு உங்கள் உடல் செலவிடுவது ஏறக்குறைய 90 கிலோகலோரி. சிறிய இட்லி இரண்டு போதும்! லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் ஸ்கூட்டருக்கோ இதே தூரத்துக்கு 100 மில்லி பெட்ரோல் வேண்டும். அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 800 கிலோகலோரி. இட்லிக் கணக்கில் பதினெட்டு.

இத்தனைக்கும் சைக்கிள் தன் பங்காக எந்த ஆற்றலையும் சேர்ப்பதில்லை. நிறைகுடத்தைத் தளும்பாமல் வீடு சேர்ப்பவரைப் போல, நீங்கள் தருவதைச் சிந்தாமல் சாலைக்குக் கொண்டுபோகிறது. அதன் ஒவ்வொரு பாகமும் ஒரு கசிவை அடைக்கிறது.

முதல் கசிவு நம் நடையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் உடல் சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. பாதம் பதியும்போதெல்லாம் கொஞ்சம் வேகம் போகிறது. ஐந்து கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரமும் ஐந்தாறு இட்லியும் ஆகும். சைக்கிள் சீட் உடலின் பாரத்தை வாங்கிக்கொள்வதால், கால்களுக்கு மிதிப்பது மட்டுமே வேலை.

அந்த மிதியைச் செயின் எடுத்துச் செல்கிறது. பெடல் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று மிதித்தால் 28 அங்குலச் சக்கரம் ஐந்தரை மீட்டர் நகரும். அதே தூரத்தை நடந்தால் ஏழெட்டுக் காலடி. 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில், நல்ல செயின் நூற்றுக்கு 98 பங்குக்கும் மேலான ஆற்றலைக் கொண்டுசேர்த்தது.

சக்கரத்தின் கம்பிகளைப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். தனியே நிறுத்தி அழுத்தினால் ஒரு கம்பி வளைந்துவிடும். இழுத்தால் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். அதனால் எல்லாக் கம்பிகளும் ரிம்மை நடுவை நோக்கி எப்போதும் இழுத்தபடியே இருக்குமாறு முறுக்கப்படுகின்றன. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் தரைப் பக்கக் கம்பிகளின் இழுப்பு சற்றுத் தளரும், அவ்வளவே. கடைக்காரர் கோட்டம் எடுப்பது இந்த இழுப்புகளைச் சமன்செய்யத்தான்.

டயரில் அடைத்த காற்றை 1888இல் சைக்கிள் உலகுக்குத் தந்தவர் பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப். மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட அவர் செய்த ஏற்பாடு அது. கெட்டி ரப்பர் சக்கரம் கல்லில் ஏறினால் வண்டியும் ஆளும் சேர்ந்து எழும்ப வேண்டும். காற்று டயர் அந்தக் கல்லுக்குக் குழிந்து இடம் கொடுத்துவிடுகிறது.

விழாமல் இருக்கவாவது நாம் உழைக்க வேண்டாமா? பெரும்பாலும் வேண்டாம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பார் தானாகவே இடப்பக்கம் திரும்பி, சக்கரங்களைப் பாரத்துக்கு அடியில் கொண்டுவந்துவிடும். ஆளில்லாத சைக்கிளை வேகமாகத் தள்ளிவிட்டாலும் கொஞ்ச தூரம் நிமிர்ந்தே ஓடும். இதற்குச் சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவே முக்கியக் காரணம் என்று பலர் நம்பினார்கள். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த விளைவை நீக்கிய ஒரு வண்டியைச் செய்தார்கள். அதுவும் விழாமல் ஓடியது! பாரம் எங்கே அமைகிறது, முன்பாகம் எப்படித் திரும்புகிறது என்பவை எல்லாம் கூடித்தான் வண்டியை விழாமல் நிறுத்துகின்றன.

சைக்கிளால் அடைக்க முடியாத கசிவு ஒன்று உண்டு: காற்றின் தடை. வேகம் இரட்டித்தால் இந்தத் தடை நான்கு மடங்காகும். இரண்டு இட்லிக் கணக்கு நிதானமாகப் போகிறவருக்கே பலிக்கும்.

மற்ற இரண்டு கசிவுகள் உங்கள் கையில் இருக்கின்றன. டயரில் காற்று குறைந்தால் அது நசுங்கி நசுங்கி உருண்டு ஆற்றலைத் தின்னும். காய்ந்த செயினும் அப்படியே. நாளைக் காலை கிளம்பும் முன் டயரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள்.