பம்பைமடுவும் அறிவியல் நகரும் மோதட்டும்

மார்ச் மாதம் பிறந்தால் வடபகுதிப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் போர் மூண்டுவிடும். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டமான ‘வடக்கின் பெரும் போர்’ முதலிடம் பிடிக்கும். சென். பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் ஆடும் ‘பொன் அணிகளின் போர்’, யாழ். இந்துவும் கொக்குவில் இந்துவும் ஆடும் ‘இந்துக்களின் போர்’ எல்லாம் அதன் பின்னே வரும். கொழும்பில் றோயலும் சென். தோமஸும் 1879இலேயே இந்த வழக்கத்தைத் தொடங்கிவிட்டன. பத்தாண்டுக்கு முந்தைய ஆட்டத்தில் யார் வென்றது என்று கேட்டால் பழைய மாணவர்களிலும் பலர் தலையைச் சொறிவார்கள். யாரோடு ஆடினார்கள் என்பதில் எவருக்கும் தடுமாற்றம் இராது. ஓர் அணியின் வரலாற்றை அதன் வெற்றிக் கேடயங்களை விட எதிரணிதான் நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருக்கிறது. வன்னியின் பல்கலைக்கழக அணிகளுக்கு இன்னும் அப்படியொரு எதிரணி வாய்க்கவில்லை. அதை உருவாக்கலாம், அதற்குப் பேஸ்போல் நல்ல ஆட்டம் என்பதே என் வாதம்.

வன்னியில் இப்போது பல்கலைக்கழக மண் இரண்டு இருக்கிறது. ஒன்று மன்னார் வீதியில் உள்ள பம்பைமடு. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. மற்றையது கிளிநொச்சி அறிவியல் நகர். 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பித்த யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் போரினால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தது. பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் அதன் பக்கத்தில் எழுந்தன. ஒரே தாயின் பிள்ளைகள் போன்ற இவ்விரண்டையும் ஏ9 வீதி இணைக்கிறது. ஒரு பகலில் போய் ஆடிவிட்டு இருட்டுமுன் திரும்பலாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளும், மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவும் இருக்கின்றனவே என்று சொல்லலாம். அவை வேண்டியவைதான். ஆனால் பல அணிகள் கூடும் போட்டியில் இந்த ஆண்டு மொறட்டுவவோடு தோற்று வெளியேறினால் அடுத்த ஆண்டு ஶ்ரீ ஜயவர்தனபுரவோடு ஆட நேரலாம். சீட்டுக் குலுக்கலில் கிடைக்கும் எதிரி நினைவில் நிற்பதில்லை.

எதிரணி ஒன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு என்ன செய்யும் என்பதைப் பார்க்க ஜப்பானின் வசேதா, கெயோ பல்கலைக்கழகங்களைப் போல வேறு உதாரணம் இல்லை. கெயோவின் பேஸ்போல் அணி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. வசேதா அணியை அபே இசோ என்ற பேராசிரியர் 1901இல்தான் கட்டினார். 1903 நவம்பரில் இளைய அணியான வசேதா மூத்த அணிக்குச் சவால் கடிதம் எழுதியது. நவம்பர் 21ஆம் திகதி கெயோவின் மைதானத்தில் ஆட்டம் நடந்து 11க்கு 9 என்று கெயோ வென்றது. மூன்றே ஆண்டுகளில் ஜப்பான் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. அதுவே வினையாகவும் முடிந்தது. 1906இல் முதல் ஆட்டத்தில் வென்ற கெயோ மாணவர்கள் வசேதாவின் நிறுவுநர் ஒகுமாவின் வீட்டு வாசலில் போய் ஆர்ப்பரித்தார்கள். இரண்டாவதில் வென்ற வசேதா மாணவர்கள் கெயோவைத் தொடங்கிய ஃபுக்குசாவாவின் வாசலில் பதிலுக்கு ஆர்ப்பரித்தார்கள். மூன்றாவது ஆட்டம் நடந்தால் இரத்தம் சிந்தும் என்று அஞ்சி நிறுத்திவிட்டார்கள். அந்த நிறுத்தம் 19 ஆண்டு நீடித்தது. 1925இல், தோக்கியோவின் ஆறு பல்கலைக்கழகங்களின் தொடர் உருவான காலத்தில்தான் இரு அணிகளும் மீண்டும் ஒரே மைதானத்தில் நின்றன.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். போரின் தழும்பு ஆறாத மண்ணில் ‘போர்’, ‘சமர்’ என்று பெயர் சூட்டி இளைஞர்களைக் கொம்பு சீவி விடவேண்டுமா? முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அந்தச் சொற்களுக்கு வேறு பாரம் உண்டு. பெயரைப் பொறுத்தவரை மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். வன்னியில் ஆடப்படும் ஆட்டத்துக்குப் போர் என்ற பெயர் வேண்டாம். ஆனால் போட்டி பகையில்தான் முடியும் என்பதற்கு 1906ஐக் காட்டுபவர்கள் 1943ஐயும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜப்பானிய அரசு பல்கலைக்கழகத் தொடரைக் கலைத்தது. மாணவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து இருந்த விலக்கும் போயிற்று. போர்முனைக்குப் போகுமுன் ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்று கெயோ கேட்டது. வசேதா நிர்வாகம் தயங்கியது. அணியை வழிநடத்திய தொபிதா சுய்ஷு ஆடுவது என்ற முடிவிலிருந்து அசையவில்லை. அக்டோபர் 16ஆம் திகதி வசேதாவின் தொத்சுகா மைதானத்தில் ஆட்டம் நடந்தது. கெயோப் பல்கலைக்கழகத் தலைவர் கொய்சுமி ஷின்சோ தனக்கு ஒதுக்கிய ஆசனத்தை விட்டு மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். வசேதா 10க்கு 1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கத்தாரின் பாடசாலைப் பாட்டை மறுபக்கத்தார் பாடினார்கள். அங்கே ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. சாவுக்குப் போகுமுன் யாரைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்று எண்ணியபோது அந்த மாணவர்களுக்கு நாற்பதாண்டு எதிரிதான் நினைவுக்கு வந்தான். பகைவன் அழிய வேண்டும் என்று நினைப்பது போர். எதிரணி அடுத்த ஆண்டும் வரவேண்டும் என்ற நினைப்பு இல்லாமல் விளையாட்டு நடக்காது.

வன்னிக்கு இன்னொரு தனிக்காரணமும் உண்டு. பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் ஒன்றாகப் படிக்கிறார்கள். பொறியியல் பீடத்துக்குத் தெற்கிலிருந்து வருபவர்கள் பலர். 2016 ஜூலையில் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு தமிழ், சிங்கள மாணவர்களின் கைகலப்பாக முடிந்தது. அங்கே அணிகள் இனத்தால் பிரிந்தன. பம்பைமடு எதிர் அறிவியல் நகர் என்று கோடு கிழித்தால் அது இனக்கோட்டின் மேல் விழாமல் அதைக் குறுக்கே வெட்டும். அனுராதபுரத்துப் பையனும் முள்ளியவளைப் பையனும் ஒரே சட்டையில் நின்று, எதிரே அதேபோல் கலந்து நிற்கும் அணியை வெல்லத் துடிப்பார்கள். ஓர் ஆட்டத்தால் இன நல்லிணக்கம் வந்துவிடும் என்று சொல்லும் கருத்தரங்குப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் யாரை வெல்ல வேண்டும் என்ற கேள்விக்கு இளவயதில் இன்னொரு விடை கிடைப்பது சிறிய காரியமல்ல.

அதைக் கிரிக்கெட்டிலேயே செய்யலாமே, யாருக்கும் தெரியாத பேஸ்போல் ஏன் என்பது அடுத்த கேள்வி. யாருக்கும் தெரியாதது என்பதே அதன் பலம். பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியில் இடம்பிடிப்பவர் பெரும்பாலும் பாடசாலையிலேயே கடினபந்து ஆடியவர். அந்த வசதி புற்தரை மைதானமும் பயிற்றுநரும் உள்ள பாடசாலைகளுக்கே கிடைத்தது. துணுக்காயில் மென்பந்து மட்டும் ஆடி வளர்ந்தவருக்கு அங்கே கதவு பாதிதான் திறக்கும். பேஸ்போலில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். அதோடு அது நம் பிள்ளைகளுக்கு அத்தனை அந்நியமும் அல்ல. பாடசாலைகளில் ஆடப்படும் எல்லே அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். பந்தை அடித்துவிட்டு வளைந்து ஓடி, இடையில் உள்ள தரிப்பிடங்களைத் தொட்டுத் திரும்புவதே எல்லேயிலும் ஆட்டம். எல்லேயில் ஓடுபவரைப் பந்தால் அடித்து வீழ்த்தலாம், இன்றைய பேஸ்போலில் அது இல்லை. ஆனால் 1859 ஜூலை முதலாம் திகதி அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் கல்லூரிகள் ஆடிய முதலாவது கல்லூரிப் பேஸ்போல் ஆட்டம் மசாசூசெட்ஸ் விதியின்படி நடந்தது. அந்த விதியில் ஓடுபவரைப் பந்தால் அடிப்பது சரியே. ஆம்ஹர்ஸ்ட் 73க்கு 32 என்று வென்ற அந்த ஆட்டத்தை இன்றைய அமெரிக்க ரசிகரை விட விசுவமடுவில் எல்லே ஆடும் மாணவி விரைவாக விளங்கிக்கொள்வாள்.

செலவு உண்மையான தடை, அதை மழுப்பக் கூடாது. ஆளுக்கொரு கையுறை வேண்டும், பந்து பிடிப்பவருக்கு முகக்கவசமும் மார்புக்கவசமும் வேண்டும், இவை எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பவை அல்ல. பேஸ்போலுக்கென்று ஜப்பானிய உதவியோடு அமைந்த மைதானம் தியகமவில் இருக்கிறது, வன்னியிலிருந்து அது வெகுதூரம். ஆனாலும் இரண்டு அணிக்கும் ஒரே தொகுதிக் கையுறை போதும். களத்தில் நிற்கும் அணிதான் அணிய வேண்டும், முறை மாறும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரர் இல்லை, தோற்றுக்கொண்டே இருப்போம் என்ற அச்சத்துக்குத் தோக்கியோப் பல்கலைக்கழகம் விடை சொல்கிறது. அந்த ஆறு அணித் தொடரை அது ஒருமுறைகூட வென்றதில்லை. 2010 முதல் ஒரு வெற்றிகூடக் காணாமல் 94 ஆட்டங்களில் தோற்று, 2015 மே மாதம் ஹோசெய்ப் பல்கலைக்கழகத்தை 6க்கு 4 என்று வென்றது. ஹோசெய் அந்தத் தொடரை எத்தனையோ தடவை வென்றிருக்கிறது. பத்திரிகைகள் அன்று கொண்டாடியது தோக்கியோவின் ஒற்றை வெற்றியைத்தான்.

ஆம்ஹர்ஸ்டும் வில்லியம்ஸும் தத்தம் ஊரில் ஆடாமல் பிட்ஸ்ஃபீல்ட் என்ற மூன்றாவது ஊரில் ஆடின. மைதானத்தைக் கொடுத்தது அந்த ஊர்க் கழகம். பேஸ்போல் முடிந்தபின் சதுரங்கமும் ஆடினார்கள். ஏ9 வீதியில் நமக்கும் ஒரு பிட்ஸ்ஃபீல்ட் இருக்கிறது. மாங்குளச் சந்தியில் முல்லைத்தீவு வீதி பிரிகிறது, ஊரும் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் இல்லாத அந்த மாவட்டத்துக்கும் ஆட்டத்தில் ஒரு பங்கு கிடைக்கும். மழைக்கு முன், மாணவர் பரீட்சைக்கு ஓடாத ஒரு சனிக்கிழமையை ஆண்டுதோறும் மாறாமல் வைக்க வேண்டும். 1906இன் பாடத்தை மறக்காமல், வென்றவர் தோற்றவரின் வளாகத்துக்கு ஊர்வலம் போகக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுவதும் நல்லது. வசேதாவைப் போல இளையவரே மூத்தவருக்கு எழுதுவதுதான் முறை என்றால், 2021இல் பிறந்த பம்பைமடுதான் கடிதத்தை அறிவியல் நகருக்கு அனுப்ப வேண்டும்.