தப்பான ‘குரூப்’பில் சேர்ந்தாச்சு... மாறுவதா, இருப்பதா?

தாம்பரம் வட்டாரத்தில் பிளஸ்-1 மாணவர்களின் தீராத தவிப்பு

தாம்பரம்:-

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சூட்டோடு ஏதோ ஒரு ‘குரூப்’பில் சேர்ந்துவிட்டு, இரண்டே மாதத்தில் “ஐயோ, இது எனக்கு ஒத்து வராது” என்று விழி பிதுங்கும் மாணவ-மாணவிகள் ஆண்டுதோறும் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று இந்தப் பக்கத்தில் பிளஸ்-1 பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம்.

மாறினால் ஒரு வருஷம் வீணாகுமா? மாறாவிட்டால் எதிர்காலமே வீணாகுமா? இதுதான் கேள்வி.

இது பற்றிய விவரம் வருமாறு:-

15 வயதில் முடிவு

முன்பெல்லாம் 11-ம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் பி.யு.சி. சேரும்போதுதான் ‘எந்தப் பாடம்’ என்ற பெரிய கேள்வி வரும். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ்-2 முறை வந்தது. அந்த முடிவு பள்ளிக்கூடத்துக்கே இறங்கி வந்துவிட்டது. எடுக்க வேண்டியது 15 வயதுப் பிள்ளை.

ஆனால் பிள்ளையா முடிவெடுக்கிறது? மார்க் அதிகமா, பர்ஸ்ட் குரூப். மார்க் குறைவா, காமர்ஸ். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் நம்ம பையனும் கம்ப்யூட்டர் சயின்ஸ். சிநேகிதி பயாலஜி என்றால் இவளும் பயாலஜி. அட்மிஷன் வரிசையில் அரை மணி நேரத்தில் முடிந்துபோகிற விஷயம்!

காலாண்டுப் பரீட்சை பேப்பர் வரும்போதுதான் வீட்டில் இடி விழுகிறது.

எந்த ரெயிலில் ஏறினீர்கள்?

தினமும் மின்சார ரெயிலில் போகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். செங்கல்பட்டு போக வேண்டியவர் அவசரத்தில் தாம்பரம் லோக்கலில் ஏறிவிட்டால் பாதகம் இல்லை. தாம்பரத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். அவரே பீச் போகிற வண்டியில் ஏறிவிட்டால்? எத்தனை சீக்கிரம் இறங்குகிறாரோ அத்தனை லாபம்.

குரூப் சமாசாரமும் அப்படித்தான்.

வக்கீலுக்குப் படிக்க வேண்டுமா? 5 ஆண்டு சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். ஆடிட்டர் ஆக சி.ஏ. பவுண்டேஷன் எழுதவும் எந்தக் குரூப்பும் போதும். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப்-2 தேர்வு போன்றவற்றுக்குக் கேட்பது ஒரு பட்டம். பிளஸ்-2 குரூப்பை அல்ல. இந்த வழியில் போக நினைக்கும் பிள்ளை சயின்ஸ் குரூப்பில் மாட்டிக்கொண்டாலும், பாஸ் பண்ணும் அளவுக்குப் படிக்க முடிந்தால், இருந்தே முடிக்கலாம்.

என்ஜினீயரிங் அப்படி இல்லை. தமிழ்நாடு என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 200-க்குக் கட்-ஆப். அதில் கணக்கு மட்டும் 100. இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு இல்லாதவருக்கு அந்த வரிசையிலேயே இடம் கிடையாது. டாக்டர் ஆக நீட் எழுத வேண்டும். அதற்கு உயிரியல் கட்டாயம். இந்த ஆசை உள்ள பிள்ளை வேறு குரூப்பில் உட்கார்ந்திருந்தால், அது எதிர்த்திசை வண்டி. உடனே இறங்க வேண்டியதுதான்.

“எதற்கும் இருக்கட்டும்” ஆபத்து

“சயின்சில் சேர்ந்தால் பிறகு காமர்ஸ் பக்கம் போகலாம். காமர்சில் சேர்ந்தால் சயின்ஸ் பக்கம் வர முடியாது. எதற்கும் பர்ஸ்ட் குரூப் எடுத்து வை” என்று சொல்லாத பெரியவர் இல்லை. பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி? கணக்கே வராத பிள்ளை இரண்டு வருஷம் கணக்கோடு மல்லுக்கட்டி, கடைசியில் பெயில் ஆனால் எந்தப் பக்கமும் போக முடியாது. வராத பாடத்தில் ஜஸ்ட் பாஸ் ஆவதைவிட, வருகிற பாடத்தில் 90 மார்க் வாங்குவது கல்லூரி வாசலில் கைகொடுக்கும்.

அதே சமயம், ஒரு பரீட்சையில் மார்க் குறைந்ததற்காக மட்டும் ஓடக்கூடாது. பத்தாம் வகுப்பிலிருந்து பிளஸ்-1 வருவது பெரிய தாவல். முதல் பரீட்சையில் சறுக்குவது சகஜம். பாடம் பிடிக்கிறது, மார்க்தான் வரவில்லை என்றால் வாத்தியாரைப் பார்க்க வேண்டும். பாடத்தைத் திறந்தாலே வெறுப்பு என்றால் தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டும்.

குரோம்பேட்டை சாட்சி

படிப்பு மாறிய பெரிய மனிதர் ஒருவரின் கதை நம்ம குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. அவர்தான் அப்துல் கலாம்.

ராமேசுவரத்துப் பையன் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். முடித்த பிறகுதான் ‘இது நம்ம பாடம் இல்லை, என்ஜினீயரிங்தான்’ என்று புரிந்தது. இன்டர்மீடியட் முடித்ததுமே போயிருக்கலாம். அது அப்போது தெரியவில்லை என்று தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய கல்லூரி அது. சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். 1950-களில் ஆயிரம் ரூபாய்! அப்பாவிடம் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கல்லூரியில் பார்வைக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் கலாமை இழுத்தன. விமானப் பொறியியலை எடுத்தார். பின்னால் ராக்கெட் விஞ்ஞானி ஆனார். 2002-ல் ஜனாதிபதியும் ஆனார்.

தாமதமாக மாறினாலும் ஜெயிக்கலாம் என்பது இதில் ஒரு பாதி. தாமதத்துக்கு வீட்டில் யாரோ விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது இன்னொரு பாதி. இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைக்கு ஒரு வருஷம் கூடினால், அந்த பீஸ் அப்பாவின் சம்பளத்திலிருந்தோ அம்மாவின் நகையிலிருந்தோதான் வரும்.

எப்போது மாறலாம்?

பள்ளி திறந்த முதல் சில வாரங்கள்தான் நல்ல நேரம். கேட்கும் குரூப்பில் இடம் இருந்து, தலைமை ஆசிரியர் சம்மதித்தால் வேலை முடிந்தது. நாள் ஆக ஆகப் பாடம் ஓடிவிடும். பிராக்டிகல் பாக்கி சேர்ந்துவிடும். பிளஸ்-2 வந்த பிறகு மாறுவது என்றால் மறுபடி பிளஸ்-1 தான்.

2017-18-ல் கொண்டு வந்த பிளஸ்-1 பொதுத்தேர்வை 2025-26 முதல் அரசு ரத்து செய்துவிட்டது. இதனால் குரூப் மாறும் பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் பிளஸ்-1 பாடத்தை விட்டுவிடலாம் என்று அர்த்தம் அல்ல. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ்-1 பாடக் கேள்வி வரும். விட்டுப்போன பாடத்தை எழுதிப் படித்தே ஆக வேண்டும்.

காலம் கடந்துவிட்டால்?

அப்போதும் வழி அடைபடவில்லை. காமர்ஸ் பிள்ளைக்கு என்ஜினீயரிங் ஆசை வந்தால், பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்தே பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ சேரலாம். தரமணியில் 1916-ல் தொடங்கிய மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டுக்கு மனு போடலாம்.

உயிரியல் படிக்காதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிளஸ்-2 முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் அதைக் கூடுதல் பாடமாக எழுதிப் பாஸ் செய்தால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளை “மாறணும்” என்று வாயைத் திறந்தால் கத்த வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். என்ன படிக்க ஆசை? அதற்கு இந்தக் குரூப் தடையா? பாடம் பிடிக்கவில்லையா, மார்க் பிடிக்கவில்லையா? பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுநாளே பள்ளிக்கூடம் போய்விடுங்கள். காலாண்டு வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் அந்தக் குரூப்பில் இருக்கும் இடமும் போய்விடலாம்.