சாவி யார் கையில்?
பிட்காயின் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டியவை

தங்கம் வாங்கினால் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். பணம் சேர்ந்தால் வங்கியில் போடுகிறோம். நிலம் வாங்கினால் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறோம். இவற்றுள் ஒன்று தொலைந்து போனாலும் முறையிடுவதற்கு ஓர் அலுவலகம் உண்டு. வங்கிப் புத்தகம் காணாமற் போனால் வேறு புத்தகம் தருவார்கள். பத்திரம் தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் பெறலாம். கணக்கு வைத்திருந்தவர் இறந்து விட்டாலும், வாரிசுச் சான்றிதழைக் காட்டி அவருடைய மனைவி மக்கள் பணத்தைப் பெற்றுக் கொள்ள முடியும்.

ஆனால், இவற்றுள் எதற்கும் வழியில்லாத ஒரு செல்வம் இன்று பல வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. அதுதான் பிட்காயின்.

இதை வாங்குங்கள் என்று பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதன் விலை 2021 நவம்பரில் 68,000 டாலரைக் கடந்தது. ஓராண்டு கழித்து 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தை இதில் போட்டவர் நிலை என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். எனினும், வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ கல்லூரியில் பயிலும் தம்பியோ ஏற்கனவே வாங்கி வைத்திருக்கக் கூடும். வாங்கியது வாங்கியாயிற்று, அதைக் காப்பது எப்படி, கொடுப்பதும் பெறுவதும் எப்படி என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

இது கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் தலைமை முஃப்தி 2018 ஜனவரியில் இதைக் கூடாது என்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் இதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. இதை ஒரு பொருளாகக் கருதி, நிபந்தனைகளுடன் அனுமதிக்கும் அறிஞர்களும் உள்ளனர். ஐயம் உள்ளவர்கள் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறையாகும்.

பணப்பையில் பணம் இல்லை!

2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் எவரோ ஒருவர் இத்திட்டத்தை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார். 2009 ஜனவரியில் இது செயல்படத் தொடங்கிற்று. மொத்தத்தில் 2 கோடியே 10 இலட்சம் பிட்காயின்களுக்கு மேல் உருவாக முடியாதபடி விதி வகுக்கப்பட்டுள்ளது. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடி சிறு கூறுகளாகப் பிரிக்கலாம். அக்கூறு ஒவ்வொன்றும் ஒரு 'சதோஷி' எனப்படும்.

இதற்கென அச்சடித்த தாளோ வார்த்த காசோ இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேட்டின் நகல்கள் உள்ளன. இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரிக்கு இவ்வளவு சென்றது என்பதே அப்பேரேட்டின் எழுத்து. உங்கள் முகவரியில் உள்ளதைச் செலவிடும் உரிமை, அம்முகவரிக்குரிய இரகசியச் சாவியை வைத்திருப்பவருக்கே உண்டு. இந்தச் சாவி ஒரு மிகப் பெரிய எண். அதைக் காத்து வைக்கும் கருவிக்கே 'வாலட்' என்று பெயர். ஆகவே, வாலட்டில் இருப்பது பணமன்று, சாவி மட்டுமே.

அவ்வளவு பெரிய எண்ணை எவராலும் பிழையின்றி எழுதி வைக்க இயலாது. எனவே, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வாலட் தேர்ந்தெடுத்துத் தரும். இவை மீட்புச் சொற்கள். தொலைபேசி உடைந்தாலும் கணினி திருடு போனாலும், இச்சொற்களை அதே வரிசையில் வேறொரு வாலட்டில் இட்டால் அனைத்தும் திரும்பி வரும். அதே போல, இச்சொற்களைப் பார்த்து விட்ட எவரும் உங்கள் அனுமதியின்றியே எல்லாவற்றையும் எடுத்துச் செல்லவும் முடியும். நன்மையும் தீமையும் ஒரே தாளில் இருக்கின்றன.

பிறர் கையில் கொடுத்த சாவி

பெரும்பாலோர் பிட்காயினை வாங்கும் இணையச் சந்தையிலேயே அதை விட்டு வைக்கின்றனர். அங்கே சாவி சந்தைக்காரர் கையில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அவர் தரும் வாக்குறுதி மட்டுமே. அமானிதமாக ஒப்படைத்த பொருள், வாங்கியவரின் நேர்மையையும் திறமையையும் நம்பியே நிற்கிறது.

ஜப்பானின் டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்னும் சந்தை, 2014 பிப்ரவரியில் திவாலானது. ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிட்காயின்களைக் காணவில்லை என்றார்கள். பின்னர் இரண்டு இலட்சம் கண்டெடுக்கப்பட்டன. எஞ்சியதில் தம் பங்கைப் பெற, வாடிக்கையாளர்கள் 2024 வரை பத்தாண்டுகள் காத்திருந்தனர்.

கனடாவின் குவாட்ரிகா நிறுவனத்தை நடத்திய ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பரில் நம் நாட்டின் ஜெய்ப்பூரில் காலமானார். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும் என்று முதலில் சொல்லப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது வாலட்டுகள் காலியாக இருந்தன. அவர் வாடிக்கையாளர் பணத்தை மோசடி செய்திருந்தார் என்று ஒன்டாரியோ மாநிலப் பங்குச் சந்தை ஆணையம் 2020-ல் அறிவித்தது.

இந்தியாவின் வாசிர்எக்ஸ் சந்தையில் 2024 ஜூலை 18 அன்று 23 கோடி டாலருக்கு மேற்பட்ட நாணயங்கள் களவு போயின. தம் நாணயங்களை எடுக்க இயலாமல் வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தவித்தனர்.

ஆகவே, சந்தையை வாங்கி விற்கும் இடமாக மட்டும் கொள்ளுங்கள். சேமிப்பு அறையாகக் கொள்ளாதீர்கள்.

வீட்டில் வைத்துக் காப்பது எப்படி?

சட்டைப் பையில் சில நூறு ரூபாய் வைத்துக் கொள்கிறோம். நகையைப் பீரோவில் வைக்கிறோம். அதே முறைதான் இங்கும். சிறு தொகையைத் தொலைபேசி வாலட்டில் வைக்கலாம். பெருந்தொகையை, இணையத்தோடு நேரடித் தொடர்பற்ற 'ஹார்டுவேர் வாலட்' என்னும் சிறு கருவியில் வைப்பதே பாதுகாப்பு.

அக்கருவியைத் தயாரித்தவரிடமிருந்தே நேராக வாங்குங்கள். மீட்புச் சொற்கள் ஏற்கனவே அச்சிடப்பட்ட அட்டையோடு வந்தால் அது மோசடி. சொற்களை உங்கள் கண் முன்னே கருவிதான் உருவாக்க வேண்டும்.

சொற்களைத் தாளில் தெளிவாக, எண்ணிட்டு எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். தீக்கும் நீருக்கும் அஞ்சுவோர் உலோகத் தகட்டில் பொறித்து வைக்கின்றனர். தொலைபேசியில் படம் பிடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்கு நீங்களே கூட அனுப்பிக் கொள்ளாதீர்கள்.

பெருந்தொகையை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். சிறு தொகையை அனுப்புங்கள். பின் கருவியை முற்றாக அழித்து, எழுதி வைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். தொகை திரும்பி வந்தால் தாள் சரியானது. ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தால், அதை அறிந்து கொள்ள ஏற்ற நாள் இன்றுதான். ஐந்தாண்டு கழித்து அன்று.

உங்களிடம் இச்செல்வம் உண்டு என்று வெளியில் பேச வேண்டாம். 2020-ல் லெட்ஜர் என்னும் கருவி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்தது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் வீட்டு முகவரிகள் வெளியாயின. அடுத்த ஆண்டு, அவர்களுள் சிலருக்குப் போலிக் கருவிகள் அஞ்சலில் வந்தன. கருவி பழுதில்லை; பெயர் தெரிந்ததே ஆபத்தாயிற்று. மீட்புச் சொற்களைக் கேட்டு யார் தொடர்பு கொண்டாலும், அவர் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் சரி, கள்வரே என்று கொள்க. உண்மையான நிறுவனம் எதுவும் அதைக் கேட்பதில்லை.

கொடுக்கல் வாங்கலில் கவனம்

வங்கிப் பணம் தவறான கணக்கிற்குச் சென்றால் மனுக் கொடுக்கலாம். பிட்காயின் தவறான முகவரிக்குச் சென்றால், பெற்றவர் மனம் வைத்தாலன்றித் திரும்பாது. முகவரி நீண்ட எழுத்துத் தொடர் ஆதலால் கையால் தட்டச்சிடாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. நகலெடுத்த முகவரியை ஓசையின்றி மாற்றித் தன் முகவரியை இடும் தீய மென்பொருள்கள் உலவுகின்றன. எனவே ஒட்டிய பின், முழு முகவரியையும் கருவியின் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததை உறுதி செய்த பின் மீதியை அனுப்புங்கள்.

பெறுபவர் நீங்களாயின் அவசரப்படாதீர்கள். ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை பேரேட்டில் புதிய பக்கம் எழுதப்படுகிறது. அதில் பதிவாகும் வரை, அனுப்பியவர் அதைத் திசை திருப்ப இயலும். பெருந்தொகைக்கு ஆறு பக்கங்கள் எழுதப்படும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், காத்திருப்பது வழக்கம்.

சந்தைக் கணக்கிற்குக் கடவுச்சொல்லோடு இரண்டாம் பூட்டும் இடுங்கள். அது குறுஞ்செய்தியாக வரும் எண்ணாக இருப்பதை விட, தொலைபேசிச் செயலி தரும் எண்ணாக இருப்பது நல்லது. உங்கள் பெயரில் வேறு சிம் அட்டை பெற்றுக் குறுஞ்செய்தியைக் கவரும் கள்வர்கள் உண்டு.

தனி ஆட்களுக்கு நேராக விற்பதில் மற்றோர் ஆபத்து. பணம் வேறொருவர் கணக்கிலிருந்து வந்தால் ஏற்காதீர்கள். அது எவரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்து, வழக்குப் பதிவானால், காவல்துறையின் கோரிக்கையால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். பணம் அனுப்பிய படத்தைக் காட்டுவதை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவு வந்ததைப் பார்த்த பின்னரே பிட்காயினை விடுவியுங்கள்.

'மாதம் இத்தனை விழுக்காடு நிச்சயம்' என்போரை அணுகவே வேண்டாம். கெய்ன்பிட்காயின் என்னும் திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் தருவதாகச் சொல்லி இந்தியாவில் பல்லாயிரம் பேரைச் சேர்த்தது. 2018-ல் அதை நடத்தியவர் கைதானார். 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ் முதலியோரின் டுவிட்டர் கணக்குகளைக் கைப்பற்றியவர்கள், அனுப்பும் பிட்காயினை இரட்டிப்பாக்கித் தருவதாக அறிவித்துச் சில மணி நேரத்தில் இலட்சம் டாலருக்கு மேல் பறித்தனர். உழைப்பும் இல்லை, நட்ட அச்சமும் இல்லை. ஆனால் உறுதியான இலாபம் என்றால், அங்கே பொய் இருக்கிறது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் பிட்காயின் சட்டபூர்வ நாணயம் அன்று. வைத்திருப்பது குற்றமும் அன்று. ரிசர்வ் வங்கி 2018-ல் வங்கிகளுக்கு விதித்த தடையை, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று இரத்துச் செய்தது. 2022 ஏப்ரல் முதல் இலாபத்தின் மீது 30 விழுக்காடு வரி உண்டு. ஒரு நாணயத்தில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்க இயலாது. 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்வரியும் பிடிக்கப்படுகிறது. எனவே வாங்கிய நாள், விலை, விற்ற நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வளைகுடா நாடுகளில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். துபாய் 2022-ல் இதற்கெனத் தனி ஆணையம் அமைத்தது. குவைத்தோ 2023-ல் தடை விதித்தது. அங்குள்ளோர் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்தே நடக்க வேண்டும்.

நமக்குப் பின்?

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறோம். ஒருவர் இறந்தால், அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத்தை நிறைவேற்ற வேண்டும். எஞ்சியது வாரிசுகளின் உரிமை. ஆனால், சாவி எங்கே என்று எவருக்கும் தெரியாவிட்டால்? கடன் கொடுத்தவரும் இழப்பார். விதவையும் அநாதைகளும் இழப்பார்கள். பேரேட்டில் அத்தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்து கொண்டே இருக்கும். எவராலும் தொட முடியாது.

ஆகவே, ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன இருக்கிறது, எந்தக் கருவியில் இருக்கிறது, மீட்புச் சொற்களின் தாள் எங்கே உள்ளது, விவரம் அறிந்த நம்பகமானவர் யார் என்பதை அதில் குறிப்பிடுங்கள். மீட்புச் சொற்களை மட்டும் அக்கடிதத்தில் எழுதாதீர்கள். அவை வேறிடத்தில் இருக்கட்டும். பெருந்தொகை உடையோர், மூன்று சாவிகளுள் எவையேனும் இரண்டு சேர்ந்தால்தான் திறக்கும் முறையையும் அமைக்கலாம். ஒன்று உங்களிடம், ஒன்று மனைவியிடம், ஒன்று வங்கி லாக்கரில். ஒன்று தொலைந்தாலும் பொருள் தொலையாது. ஒன்று களவு போனாலும் கள்வனுக்குப் பயனில்லை. ஆண்டுதோறும் ஸகாத் கணக்கிடும் நாளில் கடிதத்தையும் தாளையும் ஒரு முறை சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் பழைய கணினித் தட்டு 2013-ல் குப்பையோடு குப்பையாகச் சென்றது. ஏறத்தாழ 8,000 பிட்காயின்களின் சாவி அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் தொடுத்த வழக்கை, 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பெருநாளைக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, பொருள் விளங்காத பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் எழுதிய ஒரு தாளைக் கண்டால் எறிந்து விடாதீர்கள். கணவரிடமோ மகனிடமோ, 'இப்படி ஏதேனும் உண்டா? எங்கே இருக்கிறது? யாரிடம் கேட்க வேண்டும்?' என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதில் உங்கள் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது.