கடலுக்குள் போன வெயில்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையைத் தொட்டது. தொட்ட பிறகு நகர மறுத்தது. புதுச்சேரியை ஒட்டி மணிக்கணக்கில் நின்றபடியே கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. அடுத்த நாள், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையிலும் அதே அளவு. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி, குழந்தைகள் உட்பட 7 பேரைக் கொண்டுபோனது. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது.

அந்த வாரம் முழுக்க அணையைப் பற்றிப் பேசினோம், எச்சரிக்கை வந்த நேரத்தைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். அத்தனை தண்ணீரும் எங்கிருந்து கிளம்பியது என்பதைத்தான் அதிகம் பேசவில்லை.

அது கடலில் இருந்து கிளம்பியது. 2024ஆம் ஆண்டின் கதையே கடலின் கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தரையில் நின்று அளந்தாலே அது கடுமையான ஆண்டு. உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.55 டிகிரி கூடிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு வெப்பமான ஆண்டு வந்ததில்லை. பாரிஸ் ஒப்பந்தம் போட்ட 1.5 டிகிரிக் கோட்டை ஒரு முழு ஆண்டு தாண்டியதும் அதுவே முதல் முறை. அந்தக் கோடு நீண்டகாலச் சராசரிக்கானது என்பதால் ஒப்பந்தம் தோற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் கோடு கிட்டே வந்துவிட்டது.

பசுங்குடில் வாயுக்கள் பூமியில் பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் காற்றுக்குப் போவது சொற்பம். நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள் இறங்குகிறது. தரை தோசைக்கல் மாதிரி. பற்றவைத்தால் காயும், அணைத்தால் ஆறும். கடல் கல்யாண வீட்டு அண்டா. சுட நெடுநேரம் ஆகும், சுட்டுவிட்டால் லேசில் ஆறாது. காற்று மண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரைச் சூடாக்குவதற்குள் தீர்ந்துபோகும். கடலின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீட்டர். 2023ஐவிட 2024இல் மேல் 2,000 மீட்டருக்குள் கூடுதலாகச் சேர்ந்த வெப்பம், உலகம் முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல 140 மடங்கு என்கிறது ஓர் ஆய்வு.

இதை அளப்பவை ஆர்கோ மிதவைகள். ஏறக்குறைய ஆள் உயரம், உருளை வடிவம், தலையில் ஒரு ஆன்டெனா. உள்ளே கொஞ்சம் எண்ணெய், வெளியே ஒரு பை. எண்ணெயைப் பைக்குள் தள்ளினால் பை உப்பி மிதவை மேலேறும், உள்ளே இழுத்துக்கொண்டால் மூழ்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலைந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து ஏறி வரும் வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் இருட்டுக்குள் போய்விடும். உலகக் கடல்களில் இப்படிச் சுமார் 4,000 மிதவைகள் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் மிதப்பவற்றில் பல, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் பங்களிப்பு. கடலின் காய்ச்சலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவை சொன்னதுதான்.

சூடான கடல் அதிகம் ஆவியாகும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். ஃபெஞ்சல் நகராமல் நின்ற பழியைக் கடல் சூட்டின் தலையில் கட்ட முடியாது. புயலை இழுத்துச் செல்லும் மேலடுக்குக் காற்று அன்று வலுவிழந்திருந்தது. ஆனால் நிற்கும் புயலின் மடியில் முன்பைவிட அதிகத் தண்ணீர் இருக்கும் காலம் இது.

சூடானால் தண்ணீர் விரியவும் செய்யும். 2024இல் உலகக் கடல் மட்டம் 0.43 செ.மீ. உயரும் என்று நாசா எதிர்பார்த்தது. உயர்ந்ததோ 0.59. அண்மை ஆண்டுகளில் பனி உருகுவதே பெரும்பங்கு வகித்தது; 2024இல் விரிவே மூன்றில் இரண்டு பங்கு.

பசிபிக் கடல் மேற்பரப்பை அவ்வப்போது சூடாக்கும் எல் நினோ ஓய்ந்தால் எல்லாம் தணியும் என்று பலரும் காத்திருந்தோம். ஓய்ந்தது. பிறகு வந்த 2025 ஜனவரி, அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஜனவரி ஆனது.

அடுத்து என்ன? இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கரியமில வாயு வெளியேற்றம் நிகரப் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால், அதாவது வெளிவிடும் அளவும் அகற்றும் அளவும் சமமாகிவிட்டால், தரையின் வெப்பநிலை உயர்வது சில ஆண்டுகளில் ஏறக்குறைய நின்றுவிடும் என்று ஆய்வுகள் கணிக்கின்றன. கைவிட வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். கடல் அப்படி நிற்காது. உள்ளே போன வெப்பம் ஆழத்துக்கு இறங்க இறங்க, மட்டம் நூற்றாண்டுகளுக்கு உயரும். எவ்வளவு வேகமாக என்பதை மட்டுமே நம்மால் முடிவு செய்ய முடியும். ஆகவே புகையைக் குறைப்பதும், கடற்கரையைக் காப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகள்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவில், காரியாச்சல்லி என்றொரு சின்னத் தீவு. ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அலைக்குத் தடுப்பு இல்லாமல் போய், தீவு கரைந்துகொண்டே வருகிறது. அருகிலுள்ள வான் தீவைச் சுற்றிக் கடலடியில் சிமெண்ட் திட்டுகளை இறக்கியதில் அரிப்பு குறைந்து தீவு மீண்டது. அதே முறையைக் காரியாச்சல்லியிலும் கையிலெடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டுகளில் பவள உயிரிகள் ஒட்டி வளர வேண்டும். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே, பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2024 கோடையில் லட்சத்தீவில் அப்படித்தான் பரவலாக வெளுத்தது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் போய், பவளம் பழுப்பாக இருக்கிறதா வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து வருகிறார்கள்.