நாட்டுக்காக வென்றால் புள்ளி உண்டா?

சுவிசுக்கு வந்து குடியேறும் எம்மவரின் பிள்ளைகள் இன்று உதைபந்தாட்டத்தோடு நின்றுவிடவில்லை. ரெனிஸ் மட்டையைத் தூக்கிக்கொண்டு கழகங்களுக்குப் போகும் பிள்ளைகளையும் காண்கிறோம். எங்கள் மகளும் அவர்களில் ஒருத்தி. அவள் விடயத்தில் நாங்கள் விட்ட பிழையை மற்றப் பெற்றோரும் விடக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

போன வருடம் மே மாதம், கழகங்களுக்கிடையிலான ‘இன்ரர்கிளப்’ குழுப்போட்டிக்கு மகளை அனுப்பும்படி பயிற்சியாளர் கேட்டார். நாங்கள் மறுத்துவிட்டோம். கிழமை முழுவதும் இருவருக்கும் மாறிமாறி வேலை. சேர்ந்திருக்கக் கிடைப்பது அந்த ஒரு ஞாயிறுதான். போதாததற்கு, குழுப்போட்டிக்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது என்று வேலைத்தளத்தில் யாரோ சொன்னதையும் நம்பியிருந்தோம். "புள்ளியில்லாத ஆட்டத்துக்கு ஏன் ஒரு நாளை வீணாக்குவான்?" என்பது எங்கள் கணக்கு. குழு ஓர் ஆள் குறைவாகப் போய்த் தோற்றது. மகள் இரண்டு நாள் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. தொழிற்சாலையில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் எப்படித் தவிப்பார்கள் என்று தெரிந்த நாங்களே இப்படிச் செய்தோம்!

பிறகுதான் விசாரித்தோம். நாங்கள் கேள்விப்பட்டது அரைவாசி உண்மை.

உலக ரெனிஸில் தரவரிசைப் புள்ளிகள் பெரும்பாலும் ஒருவர் கடந்த 52 கிழமைகளில் தனக்காக ஆடிய சுற்றுப்போட்டிகளிலிருந்து சேர்பவை. விம்பிள்டனில் வென்றால் 2000 புள்ளி. ஒரு வருடம் கழிந்ததும் அவை கழன்றுவிடும். இந்தத் தரவரிசையைப் பார்த்தே விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் 32 பேரைத் தெரிந்து, ஆட்ட அட்டவணையில் ஒருவருக்கொருவர் தூரமாக வைக்கிறார்கள். இதைத்தான் ‘சீடிங்’ என்கிறார்கள். இந்த 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரையொருவர் சந்திக்க மாட்டார்கள். 33ஆவதாக நிற்பவருக்கோ முதற் சுற்றிலேயே உலகின் முதல்வர் எதிரே வரலாம். ஆகவே சில புள்ளிகள்கூடப் பெரிய விடயந்தான்.

நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணம் 1900இல் தொடங்கியது. அதில் வெல்லும் வீரர்களுக்கு 2009 தொடக்கம் 2015 வரை தரவரிசைப் புள்ளி கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் எட்டுத் தனியாட்டங்களையும் வென்று, நாடும் கிண்ணத்தை எடுத்தால் 625 வரை கிடைத்தது. 2016 தொடக்கம் அது நின்றுவிட்டது. 2023இல் மலகா நகரில் இத்தாலியின் சின்னர், அப்போது உலகின் முதல்வராக இருந்த ஜோகோவிச்சை வென்றார். இத்தாலி கிண்ணத்தையும் எடுத்தது. ஆனால் சின்னரின் தரவரிசைக் கணக்கில் ஒரு புள்ளியும் ஏறவில்லை. டேவிஸ் கிண்ண வெற்றி, நாடுகளுக்கென்று உள்ள தனித் தரவரிசையில்தான் சேர்கிறது.

எல்லாக் குழுப்போட்டியும் அப்படியல்ல. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் யுனைட்டட் கிண்ணம் 2023இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது. அதில் ஒருவர் வெல்லும் தனியாட்டங்களுக்கு, எதிராளியின் தரத்தையும் சுற்றையும் பார்த்து 500 வரை புள்ளி உண்டு. அவுஸ்திரேலிய ஓப்பனுக்குச் சற்று முன்னர் அது நடப்பதால், அங்கே சீடிங்கும் மாறக்கூடும்.

இனி எங்கள் பிள்ளைகளின் கணக்கு. சுவிஸ் ரெனிஸ் சங்கம் ஆட்டக்காரரை ஆர் 9 என்ற அடிப்படியிலிருந்து என் 1 என்ற உச்சிவரை வகுத்து வைத்திருக்கிறது. இன்ரர்கிளப்பில் பிள்ளை ஆடும் தனியாட்டமும் இந்தக் கணக்கில் சேரும். குழு தோற்றாலும் அவள் வென்ற ஆட்டம் அவளுக்கு உரியது. எதிராளி எவ்வளவு பலமானவரோ, வெற்றிக்கும் அவ்வளவு பெறுமதி. டேவிஸ் கிண்ணத்தின் விதியை எங்கள் ஊர்க் கழகத்துக்குப் பொருத்திப் பார்த்ததுதான் நாங்கள் விட்ட பிழை. எந்தப் போட்டியானாலும் முதலில் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மொழி தடையென்றால் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

ஆனாலும் எல்லாம் புள்ளிதானா? 2014 நவம்பரில் பிரான்சின் லில் நகரில் சுவிஸ் முதற்தடவையாக டேவிஸ் கிண்ணத்தை வென்றது. முதுகு நோவால் லண்டன் இறுதிப்போட்டியில் ஆடாமல் விலகிய பெடரர், ஐந்தே நாளில் அங்கு களமிறங்கினார். முதல் ஆட்டத்தில் தோற்றார். வவ்ரிங்கா தன் ஆட்டத்தை வென்றார். இருவரும் சேர்ந்து இரட்டையரையும் வெல்ல, கடைசியில் பெடரரே கஸ்கேயை வீழ்த்திக் கிண்ணத்தை உறுதிசெய்தார். அந்த வருடத்தை அவர் உலகின் 2ஆம் இடத்தில் முடித்தார். டேவிஸ் கிண்ணப் புள்ளி இல்லாவிட்டாலும் அதே இடந்தான். புள்ளிக்காக அவர் அங்கு போகவில்லை.

இந்த வருடம் மே மாதம், வேலை நேரத்தை ஒரு நண்பரோடு மாற்றிக்கொண்டு மகளை நாங்களே கூட்டிச் சென்றோம். அவள் தன் ஆட்டத்தில் தோற்றாள். குழு வென்றது. திரும்பும்போது ரயிலில் மற்றப் பிள்ளைகளோடு சிரித்துக் கதைத்தபடியே வந்தாள். புள்ளி எத்தனை என்று நாங்கள் கேட்கவில்லை.