வைப்பு: கொச்சி நிலவழக்கில் ஒரு பழஞ்சொல்

நிலத்தோற்றங்களைக் குறிக்கும் சொற்களுள் பல வடிவத்தால் பெயர்பெற்றவை. ஐஸ்லாந்து மொழியில், கேடயம்போல் தாழ்ந்து பரந்த எரிமலைக்கு வழங்கும் 'டிங்யா' என்னும் சொல்லுக்குக் குவியல் என்பது பொருள். தமிழில் வழங்கும் மேடு, திட்டு முதலியனவும் அத்தகையனவே. கொச்சிக் கடற்கரையில் வழங்கும் 'வைப்பு' என்னும் சொல்லோ, நிலம் உண்டான செயலையே பெயராகக் கொண்டது.

கொச்சி அழிமுகத்திற்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவு வைப்பின் எனப்படும். 'வைப்பின்கரை' என்பது அதன் முழுப்பெயர். வை என்னும் வினையடியிற் பிறந்த தொழிற்பெயர் வைப்பு. இன் என்பது சாரியை. 'கரை' நீங்கிய பின்னரும் சாரியை எஞ்சி நின்று பெயரின் உறுப்பாயிற்று.

1341இல் பெரியாற்றில் நேர்ந்த பெருவெள்ளத்தால் இத்தீவு உருவாயிற்று என்பது மரபு. அவ்வாண்டினைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக்கணக்கும் வழங்கியது. தீவின் தென்பகுதியிலுள்ள ஓர் ஊரும் இன்றுவரை அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் சங்க நூல்களில் வைப்பு என்பது ஊர், நிலப்பகுதி என்னும் பொருளிலும் பயில்கிறது. ஆதலின் வைப்பு என்னும் சொல் ஒன்றை மட்டுமே கொண்டு வெள்ளச் செய்தியை நிறுவுதல் இயலாது. நிலம் தோன்றியதிலிருந்தே ஆண்டினை எண்ணிய வழக்கம், அம்மக்கள் இச்சொல்லை 'நீர் கொணர்ந்து வைத்த நிலம்' என்றே உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகிறது. வைக்கப்பட்டதே வாழுமிடமாதலின் இருபொருளும் தம்முள் முரண்படுவன அல்ல.

மனிதர் ஆக்கிய நிலத்திற்கு வேறு சொல் உண்டு. காயலுக்குக் கிழக்கே எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெரு உள்ளது. அதன் மேற்கிலுள்ள சண்முகம் சாலை, 1935 முதல் 1941 வரை கொச்சித் திவானாக இருந்த கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயரால் அமைந்தது. ஒருகாலத்தில் அதுவே காயற்கரை. அதற்கப்பாலுள்ள மரைன் டிரைவ் பின்னர்க் காயலைத் தூர்த்து ஆக்கப்பட்டது. இச்செயலை மலையாளம் 'நிகத்துதல்' என்னும். தமிழில் ஒப்புப் பொருளில் வரும் நிகர் என்பதனோடு இஃது இனமுடையது. பள்ளத்தை மேட்டிற்கு நிகராக்குதல் என்பது கருத்து. இப்பகுதியில் 'நிகர்த்தில்' என வீட்டுப்பெயர்களும் வழங்குகின்றன.

நீர் வைத்தது வைப்பு. மனிதர் நிகர்த்தியது நிகர்த்து. ஆங்கில எழுத்தினைப் பின்பற்றி 'வைபின்' என எழுதுமிடத்து இவ்வேறுபாடு மறைந்து, சொல் பொருளற்ற ஒலியாகி விடுகிறது. 'வைப்பின்' என ஒற்று மிகுத்து எழுதுதலே அதன் பிறப்பினைக் காக்கும் நெறியாகும்.